லூடோ கட்டையும் 304 கடுதாசிக் கட்டும் போதும்

கணிதப் பிரிவில் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "கொழும்பு, வெள்ளவத்தையில் இருக்கிறேன். வெப்காமிக் வாசிக்கப் பிடிக்கும். டி அன்ட் டி மாதிரியான ஆட்டங்களை வீடியோவில் பார்த்து ஆசை வந்துவிட்டது. நண்பர்கள் நாலு பேர் இருக்கிறோம். புத்தகம் இல்லை, டைஸ் இல்லை, டொலர் கார்டும் இல்லை. வாசிக்க, சிரிக்க, விளையாட எந்தத் தளங்களுக்குப் போகலாம்? தமிழில் ஏதாவது உண்டா?"

தம்பி, முதலில் காசுக் கணக்கை முடித்துவிடுவோம். டி அன்ட் டி என்பது டங்கன்ஸ் அன்ட் டிராகன்ஸ்: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கட்டை உருட்டி ஆடும் மேசை ஆட்டம். அதன் 2024 பதிப்பில் அடிப்படைப் புத்தகங்கள் மூன்று. ஒன்று 50 டொலர். டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும்போது மூன்றும் சேர்ந்து நாற்பத்தையாயிரம் ரூபாவைத் தொடும். அனுப்பும் செலவும் சுங்கமும் வேறு. வீட்டில் கை நீட்ட வேண்டாம். நான் சில வருடங்களாக விளையாடுகிறேன். இதுவரை ஒரு விதிப்புத்தகம்கூடக் காசு கொடுத்து வாங்கவில்லை, களவாகவும் இறக்கவில்லை. பிரிண்ட் காசை விட்டால் நான் செய்த ஒரே செலவு ஒரு டைஸ் செட். அதுவும் வீண். வெளிநாட்டு ஒன்லைன் கடை ஒன்றில் ஓடர் பண்ணி, மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தது. ஏழு கட்டை இருக்க வேண்டிய பையில் ஆறு. காணாமல் போனது எது என்று நினைக்கிறீர்கள்? இருபது பக்கக் கட்டை. அதற்காகத்தானே செட்டே வாங்கியது.

அந்தக் குறையை எங்கள் வீட்டு அலுமாரியிலிருந்த கடுதாசிக் கட்டு (சீட்டுக்கட்டு) தீர்த்தது. ஆட்டினிலும் (சிவப்பு இதயம்) ஸ்பேடிலும் ஏஸிலிருந்து பத்து வரை எடுத்தால் இருபது கடுதாசி. சிவப்பு வந்தால் உள்ள எண், கறுப்பு வந்தால் அதோடு பத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கி எடுத்தால் சரி, இருபது பக்கக் கட்டை தயார். 304 என்ற கடுதாசி ஆட்டம் ஆடும் வீடுகளில் இரண்டிலிருந்து ஆறு வரையான கடுதாசிகள் பெட்டிக்குள் சும்மாதானே கிடக்கின்றன, அவற்றுக்கும் ஒரு வேலை கிடைக்கும். ஆறு பக்கக் கட்டைக்கு லூடோ பெட்டியைத் திறந்தால் போதும்.

இனி வாசிப்புக்கு, அதாவது இணையத்தில் வரும் படக்கதைகளுக்கு, வருவோம். விளையாடும் ஆசை இருப்பதால் உங்களை நேராக ஜயன்ட் இன் த பிளேகிரவுண்ட் என்ற தளத்துக்கு அனுப்புகிறேன். ரிச் பர்லியூ 2003இல் தொடங்கிய 'ஓர்டர் ஒஃப் த ஸ்டிக்' அங்கேதான் இருக்கிறது. குச்சிக் கை, குச்சிக் கால், வட்டத் தலை. முதல் பக்கத்தைப் பார்த்தவுடன் "இதென்ன, பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறினது மாதிரி" என்று தோன்றும். தோன்றட்டும். அந்த முதல் பக்கத்தின் பகிடியே டி அன்ட் டி விதிகளின் புதிய பதிப்பு வந்ததும் கதைப் பாத்திரங்கள் நின்ற இடத்தில் மாறிப்போவதுதான். அந்த உலகத்தில் விதிகள் இயற்கைச் சட்டம் மாதிரி. ஒருவர் ஏணியில் ஏறத் தவறினால் "ஏறும் திறமைக்கு நான் புள்ளி போடவில்லையே" என்று தலையில் கை வைக்கும் வகை. இப்படி ஐம்பது பக்கம் வாசித்தால் மந்திரவாதி ஒரு நாளில் எத்தனை மந்திரம் போடலாம், கள்வன் ஏன் எப்போதும் பின்பக்கமாக வருகிறான் என்பதெல்லாம் தானாக மண்டைக்குள் ஏறிவிடும். விதிப்புத்தகத்தில் மூன்று நாள் முக்கினாலும் ஏறாதது இங்கே சிரித்துக்கொண்டே ஏறும்.

ஒரு எச்சரிக்கை. முதல் நூறு பக்கம் வெறும் பகிடி. அதற்கு அப்புறம் கதை மெல்ல மெல்லக் கனமாகிறது. ஆயிரத்து முந்நூறு பக்கத்தைத் தாண்டிவிட்ட கதை. மரங்களைக் கண்டாலே வெறுக்கும் குள்ளமனிதப் பூசாரி டர்கனைப் பார்த்து முதலில் சிரிப்பீர்கள். பின்னால் அவனுக்கு நடப்பதை வாசித்துவிட்டு நான் ஒரு இரவு போனைக் கவிழ்த்து வைத்தேன். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். 2012இல் தீர்ந்துபோன புத்தகங்களை மறுபடி அச்சிடுவதற்காக பர்லியூ பலரிடம் காசு சேர்க்கும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் கை ஏந்தியபோது வாசகர்கள் பன்னிரண்டரை இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். குச்சி மனிதர்களுக்கு!

இரண்டாவது, 'டார்த்ஸ் அன்ட் டிரொய்ட்ஸ்'. அதற்கு முன்னோடி ஒன்று உண்டு. ஷேமஸ் யங் 2006இல் 'டிஎம் ஒஃப் த ரிங்ஸ்' என்று ஒரு தொடர் தொடங்கினார் (டிஎம் என்றால் டங்கன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துகிறவர்). லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் படங்களின் காட்சிகளை அப்படியே எடுத்து, அவை எல்லாம் ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் நடப்பதாக வசனம் போட்டார். 144 பக்கத்தில் முடித்துவிட்டார். அது முடிந்த 2007இலேயே அவுஸ்திரேலியாவில் ஒரு நண்பர் கூட்டம் அதே வித்தையை ஸ்டார் வார்ஸ் படங்களில் காட்டத் தொடங்கியது. அந்த உலகத்தில் ஸ்டார் வார்ஸ் என்று ஒரு படமே இல்லை; கதை முழுக்க ஆட்டக்காரர்கள் மேசையில் உருவாக்குவது. ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற எல்லோரும் வெறுக்கும் பாத்திரம் ஞாபகம் இருக்கிறதா? இங்கே அது ஆட்டக்காரர் ஒருவரின் சின்னத் தங்கச்சி சாலி யோசித்த பாத்திரம். அப்படிப் பார்த்ததும் அதன்மேல் இருந்த எரிச்சல் போய் ஒரு பாசமே வந்துவிடுகிறது.

இந்தத் தளத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் படத்துக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு குறிப்பு எழுதுகிறார்கள். ஆட்டக்காரன் நீங்கள் நினைத்தே பார்க்காத கதவைத் திறந்தால் என்ன செய்வது, ஒருவன் மட்டும் எல்லா நேரமும் பேசினால் எப்படி மற்றவனுக்கு இடம் கொடுப்பது, இந்த மாதிரி. ஆட்டம் நடத்துவது எப்படி என்று வீடியோக்களில் மூன்று மணி நேரம் பேசுவதை இவர்கள் நாலு வரியில் சொல்லிவிடுவார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரண்டல் மன்றோவின் எக்ஸ்.கே.சி.டி. உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2005இலிருந்து திங்கள், புதன், வெள்ளியில் வரும் கணித, விஞ்ஞானப் பகிடி. கணிதப் பிரிவில் படித்த உங்களுக்கு அது வீட்டுச் சாப்பாடு. போனில் வாசிப்பவர்கள் பாதி பகிடியைத் தவறவிடுகிறார்கள்: படத்தின்மேல் மவுசை வைத்தால்தான் தெரியும் இரண்டாவது வரி ஒன்று ஒவ்வொரு படத்துக்கும் உண்டு. முகவரிக்கு முன்னால் எம் எழுத்தும் புள்ளியும் போட்டு மொபைல் பக்கத்துக்குப் போனால் அதைத் தட்டிப் பார்க்கலாம். 2013இல் 'டைம்' என்று ஒரு படம் போட்டார். அது நாலு மாதமாகத் தானாக மாறிக்கொண்டே இருந்தது, மூவாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். அடுத்த வருடம் விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருதும் கிடைத்தது. டி அன்ட் டியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 2008இல் இறந்தபோது அவரைக் கூட்டிப்போக வந்த யமனை அவர் ஆட்டத்துக்கு இழுப்பதாக ஒன்று கீறினார். அதை முதலில் தேடி வாசியுங்கள்.

ஸக் வைனர்ஸ்மித்தின் எஸ்.எம்.பி.சி. தினமும் வரும். கீழே இருக்கும் சிவப்புப் பட்டனைத் தட்ட மறக்க வேண்டாம், ஒளித்து வைத்த கூடுதல் படம் அங்கே. ரயன் நோர்த்தின் 'டைனோசோர் கொமிக்ஸ்' 2003இலிருந்து ஒரே ஆறு படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு வசனத்தை மட்டும் மாற்றுகிறது. கீறத் தெரியாத எனக்கு அது பெரிய ஆறுதல். நீளமான சாகசம் வேண்டுமென்றால் 'கேர்ள் ஜீனியஸ்'. 2009இலிருந்து தொடர்ந்து மூன்று ஹியூகோ வாங்கிவிட்டு, போதும் என்று போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்கள். நம் பக்கத்துக் காடு, தவளை, ஆந்தை வேண்டுமென்றால் நாக்பூர்க்காரர் ரோஹன் சக்கரவர்த்தியின் 'கிரீன் ஹியூமர்'. வெப்டூன் செயலியைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. நன்றாகக் கீறுகிறார்கள்தான், ஆனால் விரலால் தள்ளிக்கொண்டே போகையில் எதுவும் மனதில் நிற்பதில்லை. வயதாகிவிட்டது போல.

சிரிப்புக்கு என்று தனியாகக் கேட்டால் என் பதில் வேறு திசையில் போகும். ஒனியன், மக்ஸ்வீனிஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தளங்களை யாரும் சொல்வார்கள், அமெரிக்க அரசியல் தெரியாவிட்டால் அரைவாசி புரியாது. நீங்கள் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' தளத்துக்குப் போய் 'சிரித்திரன்' என்று தேடுங்கள். கார்ட்டூனிஸ்ட் சிவஞானசுந்தரம், சுந்தர் என்ற பெயரில், அறுபதுகளில் கொழும்பிலே தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து நடத்திய நகைச்சுவை இதழ். பழைய இதழ்களை ஸ்கேன் பண்ணி இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். சவாரித்தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன்... கொழும்புக்கு வந்து தமிழை மறந்த மாதிரி நடிக்கும் ஆட்களை மிஸிஸ் டாமோடிரன் வாரிய வாரு இன்றைக்கும் கொழும்பின் காலி வீதியில் பொருந்தும். என் அம்மப்பா அந்த இதழ்களை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம். பெட்டியே இப்போது இல்லை. அதே அட்டைகளை போனில் பார்த்தபோது அம்மா கையிலிருந்து போனைத் திருப்பி வாங்க எனக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது.

சரி, ஆட்டம்.

எங்கள் கூட்டம் தொடங்கியது 2022இல், நாட்டில் கரண்ட் போன காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் இருட்டு. வைஃபை செத்துவிடும், போனில் சார்ஜ் இருக்காது. அப்போதுதான் பேப்பரும் பென்சிலும் மெழுகுதிரியும் போதுமான ஒரு விளையாட்டின் அருமை தெரிந்தது. கரண்ட் இருக்கும் நேரத்தில் பிடிஎப்பை இறக்கி, கீழே கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்வோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மேசையில் ஆளுக்கொரு போன் இருந்தால் ஆட்டம் நடக்காது.

முதல் நாளுக்கு டி அன்ட் டி வேண்டாம். கிரான்ட் ஹவிட் எழுதிய 'ஹனி ஹைஸ்ட்'டை எடுங்கள். ஒரே ஒரு பக்கம். நீங்கள் எல்லோரும் கரடி. தேன் திருடப் போகிறீர்கள். ஒவ்வொரு கரடிக்கும் இரண்டே எண்: 'கரடி', 'களவு', இரண்டும் மூன்றில் தொடங்கும். கரடித்தனமாக எதையாவது உடைக்க வேண்டுமா, கட்டையை உருட்டி கரடி எண்ணோ அதற்குக் கீழோ விழ வேண்டும். கள்ளத்தனமாகப் பூட்டைத் திறக்க வேண்டுமா, களவு எண்ணைப் பாருங்கள். திட்டம் பிசகினால் களவிலிருந்து ஒரு புள்ளி கரடிக்குப் போகும். திட்டம் பலித்தால் கரடியிலிருந்து களவுக்கு. கரடி ஆறானால் வெறிபிடித்து எல்லாவற்றையும் நொறுக்கிப் பிடிபடுவீர்கள். களவு ஆறானால் கூட்டாளிகளையே காட்டிக்கொடுத்து விடுவீர்கள். விதி இவ்வளவுதான். தொப்பிக்கு மட்டும் தனியாக ஒரு அட்டவணை உண்டு. அதைத் தவறவிட வேண்டாம்.

மூலத்தில் தேன் மாநாடு ஒன்று நடக்கும். நாங்கள் அதை கொழும்பு பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்துக்கு (பி.எம்.ஐ.சி.எச்.) மாற்றினோம், செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிச் சனத்துக்கு நடுவில். பண்டா கரடியாக இருந்த நண்பன் பனாமா தொப்பி போட்டுக்கொண்டு டிக்கெட் வாசலால் நடந்து போகிறேன் என்றான். உருட்டினான், ஐந்து. களவு மூன்று. பிசகு. ஆட்டத்தை நடத்திய நான் காவலாளியாகக் கேட்டேன்: "அண்ணை, உங்கட ஐடென்டிட்டி கார்ட்?" அவன் ஒரு நிமிடம் யோசித்தான். "நான் சீனாவில இருந்து வந்த வெளிநாட்டுப் பதிப்பாளர்." மேசையே சிரித்துச் சரிந்தது. அந்த நேரம் பார்த்து மரைன் டிரைவ் பக்கம் பாணந்துறை ரயில் தடதடவென்று போக, யன்னல் எல்லாம் ஆட, நான் வாயை மூடிக்கொண்டேன். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியும், ரயில் போகும்போது கதைக்க முடியாது. இன்னொருத்தி உடனே சொன்னாள்: "அது ரயில் இல்லை. மற்றக் கரடிக்கு ஆறு வந்துட்டுது." அன்றிலிருந்து எங்கள் மேசையில் ரயில் போனால் கதைக்குள்ளும் ஏதாவது நொறுங்கும். விதிப்புத்தகத்தில் இல்லாத எங்கள் விதி அது.

அடுத்த கிழமைக்கு ஜோன் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அன்ட் ஃபீலிங்ஸ்' எடுக்கலாம், இதுவும் ஒரு பக்கம், இலவசம், ஆறு பக்கக் கட்டை மட்டும். விண்கப்பல் கதை. நண்பர்கள் வராத நாளுக்கு ஷோன் டொம்கினின் 'அயர்ன்ஸ்வோர்ன்'. தனியாகவே ஆடலாம், முழுப் புத்தகமும் இலவசம். இவற்றையெல்லாம் டிரைவ்த்ரூ ஆர்பிஜி, இட்ச் ஐஓ என்ற இரண்டு தளங்களைச் சுற்றித் தேடினால் கிடைக்கும். முதலாவதில் 'விரும்பியதைக் கொடு' என்று இருக்கும் நூல்களுக்குப் பூச்சியம் என்று அடித்தால் ஏற்றுக்கொள்ளும். கூச்சப்பட வேண்டாம், கையில் காசு வரும் நாளில் போய்க் கொடுங்கள். இட்ச்சில் எழுத்தாளர்கள் பலர் காசு இல்லாதவர்களுக்கென்றே கொஞ்சம் பிரதிகளை ஒதுக்கி வைக்கிறார்கள். பக்கத்தின் அடிவரை போய்ப் பாருங்கள்.

வரைபடம் வேண்டுமா, வட்டபு என்ற பெயரில் ஒருவர் செய்து வைத்திருக்கும் கருவியைத் தட்டினால் தட்டிய தட்டுக்கு ஒரு பக்கத்தில் ஒரு நிலவறை வரும். டைசன் லோகோஸின் கையால் கீறிய படங்கள் அதைவிட அழகு. பொக்கிஷம், பேய், ஊர்ப் பெயர் எல்லாம் டொன்ஜொன் தளம் உருட்டித் தரும். இந்தியாவிலோ கனடாவிலோ இருக்கும் மச்சானைச் சேர்த்துக்கொள்ள, இணையத்திலேயே கூடி ஆடும் ரோல்20 தளம் உண்டு, ஆனால் எங்கள் டேட்டா வேகத்துக்கு ஔல்பேர் ரோடியோ இலேசு.

ஆட்டத்தை நடத்தப்போவது நீங்கள் என்றால் 'தி அலெக்சாண்டிரியன்' தளத்தில் மூன்று துப்பு விதி என்ற கட்டுரையை மட்டுமாவது வாசியுங்கள். ஆட்டக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அதற்கு மூன்று துப்பாவது வையுங்கள் என்கிறார் ஜஸ்டின் அலெக்சாண்டர். ஒன்றைக் காண மாட்டார்கள், ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். நான் ஒரே ஒரு துப்பு வைத்து நடத்திய கொலைக் கதையில் என் நண்பர்கள் இரண்டரை மணி நேரம் அப்பாவிச் சமையற்காரனை விசாரித்தார்கள். கடைசியில் சமையற்காரனையே கொலைகாரன் ஆக்கிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.

தமிழில் உண்டா என்று கேட்டீர்களே. நான் உங்களிடம் நீட்டக்கூடிய அச்சுப்புத்தகம் எதுவும் என் கையில் இல்லை. ஆனால் செய்வதற்கு வழி திறந்திருக்கிறது. டி அன்ட் டி நிறுவனம் தன் உரிமத்தை இறுக்கப் பார்த்து ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகு, 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். யோகாய் கலின் 'கெய்ர்ன்' என்ற சின்ன ஆட்டமும் அப்படித்தான், நீங்கள் செய்ததையும் அதே மாதிரி மற்றவர்களுக்குத் திறந்து விட வேண்டும், அவ்வளவே. நாங்கள் கெய்ர்னை ஒரு சி.ஆர். கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பத்துப் பொருளுக்கு மேல் சுமக்க முடியாது. களைத்துப்போனால் களைப்பே ஒரு பொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 'களைப்பு' என்ற சொல் சுகமாக உட்கார்ந்தது. ஆட்டத்தை நடத்துகிறவரை என்ன சொல்வது என்பதில்தான் ஒரு மாதம் இழுபட்டது. மாஸ்டர் என்றால் எல்லோருக்கும் ரியூஷன் ஞாபகம் வருகிறது. கதைசொல்லி என்றால் புத்தக வெளியீட்டு விழா மாதிரி இருக்கிறது. மட்டக்களப்புக்காரத் தோழிதான் தீர்த்து வைத்தாள்: கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிறவருக்கு ஏற்கனவே நம்மிடம் சொல் இருக்கே, அண்ணாவியார். அன்றிலிருந்து நான் அண்ணாவியார். கூத்தில் ஒரு கால் வைக்கத் தெரியாது.

'டங்கன்' என்ற சொல்லுக்கு ஒருவன் விளையாட்டாக "பங்கர்" என்றான். வன்னியிலிருந்து வந்த நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, பென்சிலைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. பிறகு அவரே கொப்பியை இழுத்து 'நிலவறை' என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் இன்னும் அவர் கையெழுத்துத்தான் இருக்கிறது.

கொப்பி பாதிதான் முடிந்திருக்கிறது. மந்திரங்கள் நூறு, அதில் இருபத்திரண்டு எழுதியாயிற்று. உங்கள் நாலு பேரும் கரடி ஆட்டம் ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வரும்போது கடுதாசிக் கட்டு கொண்டு வாங்கோ, எங்கள் கட்டில் ஸ்பேட் ஏழைக் காணவில்லை.